கைப்பேசிச் செயலிகளில் பிணைய முறைமை அழைப்புகளைத் தடமறிதல்: வழுநீக்க நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செயலி ஒன்று இணையத்தோடு தொடர்புகொள்ள இயலாதபோது பயனருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஓர் அறிவிப்பே ஆகும். அவ்வறிவிப்பின் பின்னால் அனுமதியின்மை, பெயர் காண இயலாமை, சேவையகத்தின் மறுப்பு, செயலியே விதித்துக்கொண்ட காலக்கெடு எனப் பல்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். செயலி கெர்னலிடம் விடுக்கும் முறைமை அழைப்புகளைத் தடமறிவதன் வாயிலாக இக்காரணங்களைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது. தடத்தில் காணப்படும் வெற்றி, கெர்னல் கோரிக்கையை ஏற்றது என்பதற்கு மட்டுமே சான்று. செய்தி மறுமுனையைச் சேர்ந்தது என்பதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முறைமை அழைப்பு, கெர்னல், சாக்கெட், எஸ்ட்ரேஸ், வழுநீக்கம், ஆண்ட்ராய்டு, மறையாக்கம்.

முன்னுரை

மென்பொருளில் வழு நேரும்போது உருவாக்குநர் முதலில் நாடுவது செயலியின் பதிவேட்டை ஆகும். ஆயினும் பதிவேடு என்பது செயலியை எழுதியவர் எதை எழுதவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணினாரோ அதை மட்டுமே தரும். எண்ணாத இடத்தில் நேர்ந்த வழுவைப் பற்றிப் பதிவேடு பேசாது. மேலும், இன்றைய செயலிகள் பிறர் எழுதிய நூலகங்கள் பலவற்றைத் தம்முள் கொண்டுள்ளன. விளம்பரம், பயன்பாட்டு அளவீடு, அறிவிப்புச் சேவை ஆகியவற்றுக்கான நூலகங்கள் திறக்கும் இணைப்புகள் செயலியின் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

முறைமை அழைப்பின் நிலை வேறு. எந்த மொழியில் எழுதப்பட்டாலும், எந்த நூலகத்தைப் பயன்படுத்தினாலும், வெளியுலகோடு பேச விரும்பும் நிரல் கெர்னலின் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். அவ்வாயிலில் நிற்பவருக்கு நிரல் என்ன கேட்டது, கெர்னல் என்ன விடை தந்தது என்னும் இரண்டும் தெரியும். ஸ்டெஃபனி ஃபாரஸ்ட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், யூனிக்ஸ் நிரல்களின் முறைமை அழைப்பு வரிசையைக் கொண்டே அவற்றின் இயல்பான நடத்தையை வரையறுக்கலாம் எனக் காட்டினர். பாதுகாப்புத் துறைக்காக முன்வைக்கப்பட்ட அக்கருத்து வழுநீக்கத்துக்கும் பொருந்துகிறது. இயல்பான தடம் எது என அறிந்தவரே பிறழ்ந்த தடத்தை இனங்காண இயலும்.

முறைமை அழைப்பு எனும் எல்லை

1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் பதிப்பின் வழியே சாக்கெட் என்னும் கருத்துரு பரவலாகியது. சாக்கெட்டை உருவாக்குதல், இணைத்தல், அனுப்புதல், பெறுதல், மூடுதல் என்னும் அடிப்படைச் செயல்கள் இன்றும் பெரிதும் மாறவில்லை. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலின் மீது இயங்குவதால் அச்செயல்கள் அங்கும் அதே பெயர்களில் உள்ளன. எனினும் அவற்றின் எண்கள் வன்பொருளுக்கேற்ப மாறுபடுகின்றன. 64 பிட் ஆர்ம் கட்டமைப்பில் சாக்கெட் அழைப்பின் எண் 198, கனெக்ட் அழைப்பின் எண் 203. 64 பிட் எக்ஸ்86 கட்டமைப்பில் அவை முறையே 41, 42. அழைப்பின் எண்ணை மட்டும் பதியும் கருவிகளைக் கையாள்வோர், கைப்பேசியில் எடுத்த தடத்தையும் கணினியின் மாதிரிக் கைப்பேசியில் எடுத்த தடத்தையும் ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் 10000 முதல் தொடங்கும் தனிப் பயனர் எண் வழங்கப்படுகிறது. ஆகவே எந்த அழைப்பு எந்தச் செயலியிலிருந்து வந்தது எனப் பிரித்தறிவது எளிது. அதே செயலிக்குள் எந்த நூலகம் அழைத்தது என்பதை அறிய, அழைப்பு நேர்ந்த கணத்தின் செயற்கூற்று அடுக்கையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

தடமறியும் கருவிகள்

இத்துறையின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்று எஸ்ட்ரேஸ். 1991இல் பால் கிரானன்பர்க் இதனைச் சன்ஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதினார்; பின்னர் இது லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டது. பிடிரேஸ் என்னும் கெர்னல் வசதியைக் கொண்டு இது செயற்படுகிறது. தடமறியப்படும் நிரல் ஒவ்வோர் அழைப்பின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் நிறுத்தப்படுவதால் அதன் வேகம் குறைகிறது. இரண்டு இழைகளின் நேரப் போட்டியால் விளையும் வழு இக்கருவியை இணைத்தவுடன் மறைந்துவிடுவதும் உண்டு. ஓர் இயங்குநிரலை ஒரே வேளையில் ஒரு கருவி மட்டுமே பிடிரேஸ் வழி பற்ற இயலும் என்பதால், பிற வழுநீக்கி இணைந்திருக்கையில் எஸ்ட்ரேஸ் இணையாது.

இவ்விடர்ப்பாட்டைக் குறைப்பவை கெர்னலுக்குள்ளேயே பதிவுசெய்யும் வழிகள். எஃப்ட்ரேஸ் என்னும் கெர்னல் வசதியும், அதனைப் பயன்படுத்தும் பெர்ஃபெட்டோ கருவியும் அழைப்பின் எண், நேரம், விடை ஆகியவற்றைக் குறைந்த சுமையுடன் பதிகின்றன. இபிபிஎஃப் வழியே, குறிப்பிட்ட பயனர் எண்ணுக்குரிய அழைப்புகளை மட்டும் வடிகட்டி, அவற்றின் உள்ளீடுகளையும் படிக்கலாம்.

ஐஓஎஸ் தளத்தில் நிலைமை வேறுபட்டது. மேக் கணினியில் டிட்ரேஸ் வசதி உண்டெனினும் ஐபோனில் அது உருவாக்குநருக்குத் திறந்துவிடப்படவில்லை. எக்ஸ்கோடுடன் வரும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியின் முறைமைத் தடமும், கைப்பேசியின் போக்குவரத்தை மேக் கணினியில் காணச்செய்யும் தொலை மெய்நிகர் இடைமுகமும் அங்கு மாற்று வழிகளாகின்றன.

ஆண்ட்ராய்டில் எஸ்ட்ரேஸைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, செயலிகள் யாவும் சைகோட் என்னும் தாய் இயங்குநிரலிலிருந்து கிளைப்பவை. செயலி தொடங்கிய பின்னர் கருவியை இணைத்தால் தொடக்க அழைப்புகள் தவறிப்போகும். கிளைகளைத் தொடரும் விருப்பத் தேர்வுடன் சைகோட்டிலேயே கருவியை இணைப்பது ஒரு தீர்வு. இதற்கு முதன்மைப் பயனர் உரிமை தேவை. கூகுள் பிளே இல்லாத மாதிரிக் கைப்பேசிப் படிமங்கள் அவ்வுரிமையைத் தருகின்றன. இரண்டாவது, பிணைய வகை அழைப்புகளை மட்டும் காட்டும் வடிகட்டி, ரீட், ரைட், போல், க்ளோஸ் ஆகிய அழைப்புகளைக் காட்டாது. இவை கோப்புகளுக்கும் சாக்கெட்டுகளுக்கும் பொதுவானவை என்பதே காரணம். வடிகட்டியை மட்டும் நம்பியவர், செயலி எதையும் அனுப்பவில்லை என்னும் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

இயல்பான இணைப்பின் தடம்

செயலி ஒரு சேவையகத்தோடு இணையும்போது ஆண்ட்ராய்டில் உருவாகும் தடம், பொதுவான லினக்ஸ் கணினியின் தடத்திலிருந்து வேறுபடுகிறது. லினக்ஸ் நூல்களைப் படித்துவிட்டு வருவோர் இங்கு 53ஆம் வாயிலுக்குச் செல்லும் டிஎன்எஸ் வினாவைத் தேடிக் காணாது திகைப்பர். செயலி இயங்குதளத்தின் வழக்கமான வழியில் பெயரைத் தேடும்போது, வினா டிஎன்எஸ்பிராக்ஸிடி எனப் பெயரிய உள்ளக யூனிக்ஸ் சாக்கெட்டின் வழி நெட்டி என்னும் அமைப்புச் சேவைக்குச் செல்கிறது. வெளியே வினவுவது அச்சேவையே. ஆண்ட்ராய்டு 9 முதல் அவ்வினா மறையாக்கப்பட்டும் செல்லக்கூடும். எனவே பெயர் காணும் நிலையில் நேரும் வழுவை ஆராய, செயலியின் தடத்தோடு நெட்டியின் தடமும் வேண்டும்.

அடுத்து, வெளி இணைப்புக்கான கனெக்ட் அழைப்பின் முன்னர் எஃப்டபிள்யூமார்க்டி என்னும் மற்றோர் உள்ளகச் சாக்கெட்டுக்குச் செய்தி செல்வதைக் காணலாம். அந்தச் சாக்கெட் வைஃபை வழியாகச் செல்லவேண்டுமா, கைப்பேசித் தரவு வழியாகச் செல்லவேண்டுமா என்பதற்கான குறி இங்கு இடப்படுகிறது. இவ்விரு உள்ளக இணைப்புகளும் ஐயத்துக்குரியவை அல்ல. இயல்பான தடத்தின் பகுதிகளே.

கனெக்ட் அழைப்புக்குப் பல வேளைகளில் 115 என்னும் பிழைக்குறி விடையாகக் கிடைக்கிறது. பெயரளவில் பிழையாயினும் இதன் பொருள், இணைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதே. காத்திராத வகைச் சாக்கெட்டில் இதுவே எதிர்பார்க்கப்படும் விடை. பின்வரும் போல் அழைப்பும், சாக்கெட்டின் பிழைநிலையைக் கேட்டறியும் அழைப்புமே இணைப்பின் உண்மையான முடிவைத் தருகின்றன. அவ்வாறே பெறுதல் அழைப்புக்கு 11 என்னும் விடை வந்தால், இப்போதைக்குத் தரவு இல்லை என்பதே பொருள். ஐபிவி6 முகவரிக்கான முயற்சி 101 என்னும் குறியுடன் தோற்று, அடுத்த கணமே ஐபிவி4 முகவரி இணைவதும் வழு அன்று. அப்பிணையத்தில் ஐபிவி6 வழி இல்லை என்பதையே அது காட்டுகிறது.

பிழைக்குறிகள் சுட்டும் காரணங்கள்

பயனருக்கு ஒன்றாகத் தோன்றும் தோல்வி, தடத்தில் வெவ்வேறாகப் பிரிகிறது.

1. குறி 111, இணைப்பு மறுப்பு: பொதுவாக, செய்தி மறுமுனைக் கணினியை அடைந்தது, ஆயினும் அவ்வாயிலில் கேட்கும் நிரல் இல்லை. மாதிரிக் கைப்பேசியில் சோதிக்கும் மாணவர்கள், தம் கணினியில் இயங்கும் சேவையகத்தை 127.0.0.1 என்னும் முகவரியில் தேடும்போது இக்குறியைப் பெறுவர். அம்முகவரி மாதிரிக் கைப்பேசியையே சுட்டும். அதனைத் தாங்கும் கணினியின் முகவரி 10.0.2.2 ஆகும்.

2. குறி 110, காலம் கடத்தல்: எவ்விடையும் வரவில்லை. லினக்ஸின் இயல்பமைப்பில் முதல் இணைப்புச் செய்தி ஆறு முறை மீண்டும் அனுப்பப்பட்டு, ஏறத்தாழ 127 நொடிகளுக்குப் பின்னரே இக்குறி கிடைக்கும்.

3. குறி 104, இணைப்பு முறிப்பு: மறுமுனையோ இடையிலுள்ள கருவியோ நிலவிய இணைப்பைத் திடீரென முறித்தது.

4. குறி 103, இணைப்புக் கைவிடல்: கைப்பேசியே இணைப்பைக் கைவிட்டது. வைஃபை துண்டிக்கப்படும்போது அதன் முகவரியைச் சார்ந்த சாக்கெட்டுகளை ஆண்ட்ராய்டு அழித்துவிடுவதால் இது நிகழ்கிறது. இங்குச் சேவையகத்தின் மீது பழி சுமத்துவது பொருந்தாது.

இரண்டாவது குறியைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். செயலியின் தடத்தில் 110 அரிதாகவே தென்படும். ஆண்ட்ராய்டில் மிகுதியாகப் பயன்படும் ஓகேஎச்டிடிபி நூலகத்தில் இணைப்புக்கான இயல்புக் காலக்கெடு 10 நொடி. அந்நேரம் கழிந்ததும் நூலகமே சாக்கெட்டை மூடிவிடுகிறது. தடத்தில் போல் அழைப்பு 0 என்னும் விடையுடன் முடிவதும், உடனே க்ளோஸ் அழைப்பு வருவதும் தெரியும். கெர்னல் இன்னும் முயன்றுகொண்டிருந்தது. பொறுமை இழந்தது செயலியே. பிணையம் பழுது என்பதும், செயலியின் காலக்கெடு குறுகியது என்பதும் வெவ்வேறு முடிவுகள். அவற்றுக்கான தீர்வுகளும் வெவ்வேறு.

அழைப்பே இல்லாத தடம்

சில வேளைகளில் தடத்தில் எவ்வித இணைப்பு முயற்சியும் காணப்படாது. இவ்வின்மையும் ஒரு சான்றே. மறையாக்கம் இல்லாத எச்டிடிபி போக்குவரத்தை, ஆண்ட்ராய்டு 9ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு இயங்குதளம் இயல்பாகவே தடைசெய்கிறது. இத்தடையை மதிக்கும் நூலகம் கெர்னலை அணுகுமுன்னரே கோரிக்கையை மறுத்துவிடும். முதன்மை இழையில் பிணையச் செயலைத் தொடங்கும்போது எழும் விதிவிலக்கும் இத்தகையதே. பெயர் கிடைக்காதபோதும் உள்ளகச் சாக்கெட்டின் உரையாடலோடு தடம் நின்றுவிடும். வெளி முகவரிக்கான கனெக்ட் அழைப்பு வராது. இத்தகைய தடங்களில் காரணத்தைப் பிணையத்தில் தேடுவது வீண். செயலியின் அமைப்புக் கோப்பிலும் நிரலிலுமே தேடவேண்டும்.

அனுப்பியதும் சேர்ந்ததும்

தடத்தைப் படிப்போர் மிகுதியாகப் பிழைபடும் இடம் அனுப்புதல் அழைப்பின் விடையாகும். ஒரு செயலி 400 பைட்டு நீளமுள்ள கோரிக்கையை அனுப்பி, கெர்னலிடமிருந்து 400 என்னும் விடையைப் பெறுவதாகக் கொள்வோம். டிசிபி நெறிமுறையில் இவ்விடையின் பொருள், 400 பைட்டுகளும் கெர்னலின் பஃபர் எனப்படும் இடைத்தேக்கத்தில் படியெடுக்கப்பட்டன என்பது மட்டுமே. அவை கைப்பேசியை விட்டு வெளியேறினவா, மறுமுனையை அடைந்தனவா, அங்குள்ள நிரல் அவற்றைப் படித்ததா என்பவற்றை இவ்வெண் கூறாது. அஞ்சற்பெட்டியில் இட்ட கடிதத்துக்கும் உரியவர் கையொப்பமிட்டுப் பெற்ற கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பணப் பரிமாற்றச் செயலிகளில் இவ்வேறுபாடு பயனரின் பணத்தைத் தொடுகிறது. செயலி கோரிக்கையை அனுப்புகிறது, கெர்னல் ஏற்கிறது, பயனர் வீட்டைவிட்டு வெளியேற வைஃபை துண்டிக்கப்படுகிறது, பெறுதல் அழைப்பு 103 என்னும் குறியுடன் முடிகிறது. சேவையகம் கோரிக்கையைப் பெற்றுப் பணத்தை மாற்றியிருக்கலாம், பெறாமலும் இருக்கலாம். கைப்பேசியில் எடுத்த தடம் இவ்விரண்டில் எது நிகழ்ந்தது எனத் தீர்மானிக்காது. தோல்வி எனக் கருதிச் செயலி மீண்டும் அனுப்பினால், ஒரே தொகை இருமுறை கழியக்கூடும். அடுத்த சில நொடிகளில் புதிய சாக்கெட்டும், அதன் வழியே ஏறத்தாழ அதே நீளமுள்ள மற்றோர் அனுப்புதலும் தோன்றினால், மறுமுயற்சி நடந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான அறிகுறி. இதற்கான தீர்வு தடத்தில் இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்த அடையாள எண் தந்து, அதே எண் மீண்டும் வந்தால் சேவையகம் பழைய விடையையே தரும்படி அமைப்பதே தீர்வாகும்.

இதன் மற்றொரு வடிவம், பழைய இணைப்பை மீளப் பயன்படுத்தும்போது எழுகிறது. ஓகேஎச்டிடிபி நூலகம் பயனற்றிருக்கும் இணைப்பை இயல்பாக 5 நிமிடம் வரை காத்துவைக்கிறது. சேவையகம் அதற்குள் இணைப்பை மூடிவிட்டால், அடுத்த அனுப்புதல் வெற்றி எனத் தோன்றியும், பெறுதல் அழைப்பு 0 என்னும் விடையைத் தரக்கூடும். 0 என்பது பிழைக்குறி அன்று. மறுமுனை முறைப்படி பேச்சை முடித்துக்கொண்டது என்பதன் அறிகுறி. இரு முனைகளின் காலக்கெடுகளும் ஒத்துப்போகாமையே இங்கு வழுவின் மூலம்.

மறையாக்கமும் க்விக் நெறிமுறையும்

செயலிகளின் போக்குவரத்துப் பெரும்பாலும் டிஎல்எஸ் மறையாக்கத்துக்கு உட்பட்டது. மறையாக்கம் செயலியின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்துவிடுவதால், முறைமை அழைப்பின் நிலையில் தெரிவது மறைபொருளே. எனினும் வடிவம் சில செய்திகளைத் தருகிறது. டிஎல்எஸ் பதிவின் முதல் பைட்டு 22 எனில் அது கைகுலுக்கல் நிலை. 23 எனில் செயலித் தரவு. 21 எனில் எச்சரிக்கை. டிஎல்எஸ் 1.2 பதிப்பில் சான்றிதழை ஏற்க மறுக்கும் செயலி, கைகுலுக்கலின் நடுவே 7 பைட்டு நீளமுள்ள எச்சரிக்கையை அனுப்பிவிட்டு இணைப்பை மூடுவதைத் தடத்தில் காணலாம். 1.3 பதிப்பில் அவ்வெச்சரிக்கை மறையாக்கப்பட்டு 23 என்னும் முகப்புடன் செல்வதால் நீளத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல் பயனர் தாமே சேர்க்கும் சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. சோதனைக்கூடங்களில் நேரும் கைகுலுக்கல் தோல்விகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

க்விக் நெறிமுறை 2021இல் தரப்படுத்தப்பட்டது. அதன்மீது அமையும் எச்டிடிபி 3 அடுத்த ஆண்டில் தரப்படுத்தப்பட்டது. க்விக் யுடிபியின் மீது செயற்படுவதால் தடத்தின் பொருள் தலைகீழாகிறது. யுடிபி சாக்கெட்டில் கனெக்ட் அழைப்பு உடனே வெற்றி பெறும்; ஆயினும் ஒரு பொட்டலம்கூட வெளியே சென்றிருக்காது. டிசிபியில் கெர்னல் செய்யும் மறு அனுப்புதல் முறைமை அழைப்பின் தடத்தில் தெரியாது. க்விக்கில் அப்பணியைச் செயலிக்குள் உள்ள நூலகம் செய்வதால், ஒவ்வொரு மறு அனுப்புதலும் தனி அழைப்பாகத் தெரியும். எனவே அழைப்புகளின் எண்ணிக்கை மிகுந்துள்ளமையை மட்டும் கொண்டு, எச்டிடிபி 3 பயன்படுத்தும் செயலி கூடுதல் தரவை அனுப்புகிறது என முடிவுகட்டல் ஆகாது.

முறையின் எல்லைகளும் ஆய்வு அறமும்

முறைமை அழைப்பின் தடம் தனித்து நின்று எல்லா வினாக்களுக்கும் விடை தராது. பொட்டலங்கள் எங்குத் தொலைந்தன என்பதற்குப் பொட்டலப் பதிவும், சேவையகம் என்ன செய்தது என்பதற்குச் சேவையகத்தின் பதிவேடும், செயலி ஏன் கேட்டது என்பதற்கு அதன் மூலநிரலும் வேண்டும். இவற்றை நேர வரிசையில் அடுக்கி ஒப்பிடும்போதே தடத்தின் மதிப்பு முழுமையாகிறது.

தடப்பதிவுகள் தனியர் தரவைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதையும் ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும். எஸ்ட்ரேஸ் இயல்பாக ஒவ்வோர் உரைத்தொடரிலும் முதல் 32 பைட்டுகளையே காட்டுகிறது. இவ்வரம்பை உயர்த்தினால், மறையாக்கப்படாத சாக்கெட்டுகளிலும் கோப்புகளிலும் உள்ள பெயர், நுழைவுச் சீட்டு, இருப்பிடம் போன்றவை பதிவில் புகக்கூடும். இந்தியாவில் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுள்ள சூழலில், சோதனைக்கெனத் தனிக் கணக்கையும் தனிக் கைப்பேசியையும் பயன்படுத்துவதும், பகிருமுன் பதிவுகளைத் தூய்மைப்படுத்துவதும் கல்வி நிறுவனங்களின் கடமைகளாகின்றன.

முடிவுரை

பிணைய வழுவை ஆராயும்போது எழும் முதன்மை வினா, தவறு யாருடையது என்பதே. செயலியா, கைப்பேசியா, பிணையமா, சேவையகமா என்னும் நான்கில் ஒன்றைச் சான்றின்றிச் சுட்டும் வழக்கத்தை முறைமை அழைப்பின் தடம் மாற்றுகிறது. அழைப்பே இல்லையெனில் காரணம் பெரும்பாலும் செயலியின் எல்லைக்குள் உள்ளது. 111 எனில் வாயில் மூடியுள்ளது. போல் அழைப்பு 0 தந்து முடிந்தால் செயலியின் பொறுமை தீர்ந்தது. 103 எனில் கைப்பேசி கைவிட்டது. அனுப்புதல் வெற்றி பெற்றும் விடை வரவில்லையெனில், கைப்பேசியில் கிடைக்கும் எச்சான்றும் முடிவு கூறாது. மறுமுனையின் சான்றே வேண்டும். வழுநீக்கத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் கருவியின் கட்டளைகளோடு, ஒரு சான்று எதை நிறுவும், எதை நிறுவாது என்னும் பகுத்தறிவையும் மாணவர்க்கு ஊட்டுவது இன்றியமையாதது.